ஸெனோவியாவின் தேனீக்கள் மேல் விழுந்த பழி

ஸெனோவியா அந்த வாக்கைக் கொடுத்தது ஓடுகிற வண்டியில். உதடு தடித்து, பேச்சு குழறி, நெஞ்சுக்குள் விசில் ஊதிக்கொண்டிருந்த நேரம். "இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா பெட்டியெல்லாம் வித்துடறேன், போதுமா? ரோட்டைப் பாத்து ஓட்டு" என்று கணவன் மெத்தோடியோவிடம் சொன்னாள். சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே கொடுத்த வாக்குக்கு மதிப்பு உண்டா என்று பிறகு பல நாள் யோசித்தாள். உண்டு என்றான் மெத்தோடியோ. அது ஜனவரியில். இப்போது டிசம்பர் பிறந்து, அந்த இன்னொரு தரமும் வந்து போய்விட்டது.

பெட்டிகள் என்றால் தேனீப் பெட்டிகள். வீட்டுக்குப் பின்னால் சரிவில், பைன் மரங்களுக்கும் மாத்தே தேயிலைச் செடிகளுக்கும் நடுவே, மஞ்சளும் நீலமுமாகப் பூசி வரிசையாக வைத்திருந்தாள். தெற்கு பிரேசிலில், உக்ரைனிலிருந்து வந்தவர்கள் குடியேறிய புருதென்டோபொலிஸைச் சுற்றியுள்ள மண் சாலைகளில் தேன் எடுக்கிற வீடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வீடுகளில் பெட்டிகள் ஆண்களுடையவை. இங்கே மட்டும் அவை ஸெனோவியாவுடையவை.

அவளுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது மாதா கோயிலின் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் ஒரு தேனீக் கூட்டம் வந்து இறங்கியது. பாதிரியார் வெளியே நின்று ஜெபித்தார். ஆண்கள் மண்ணெண்ணெய் கொண்டுவரப் போனார்கள். ஸெனோவியா ஒரு காலிப் பீன்ஸ் சாக்கோடு உள்ளே போனாள், ஒரு உலுக்கு உலுக்கினாள், சாக்கின் வாயை முறுக்கிக் கட்டி சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அப்பா புகையிலைக்காரர், மாமனார் புகையிலைக்காரர், பின்னால் வந்த கணவனும் புகையிலைக்காரன். ஈரப் புகையிலையைத் தொட்டால் அவளுக்குத் தலை சுற்றி வாந்தி வரும். "இலை உங்களுக்கு, ஈ எனக்கு" என்று கல்யாணம் பேசும்போதே சொல்லிவிட்டாள். மெத்தோடியோவும் சரி என்றான். அவள் சொன்னால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வான்.

அவளைத் தேனீ கொட்டாத நாள் கிடையாது. கையுறை போட்டால் தேனடைச் சட்டம் கைக்குப் பிடிபடுவதில்லை என்று வெறுங்கையால்தான் வேலை செய்வாள். கொட்டினால் நகத்தால் முள்ளைச் சுரண்டிவிட்டு அடுத்த சட்டத்தைத் தூக்குவாள். கொட்டிய இடம் கொஞ்சம் சிவக்கும். சாப்பாட்டு நேரத்தில் அது எந்த இடம் என்று அவளுக்கே ஞாபகம் இருக்காது.

அவள் உடம்புக்கு ஆகாதது வேறொன்று. அதை அவள் தெரிந்துகொண்டது முப்பத்தொரு வயதில், கடைவாய்ப் பல் பிடுங்கிய அன்று. பல் மருத்துவர் வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். நாடே மிட்டாய் மாதிரி விழுங்குகிற சாதாரண மாத்திரை. திரும்பி வரும் பேருந்தில் முதலில் உள்ளங்கை அரித்தது. பிறகு காது சுட்டது. காணாக்கடி மாதிரி உடம்பெங்கும் தடிப்புகள் எழும்பி, கண் இரண்டும் மூடிக்கொண்டன. ஓட்டுநர் பயணிகளோடு சேர்த்துப் பேருந்தைத் திருப்பி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அடுத்த வருஷம் காய்ச்சல் வந்தபோது, வேறு மருந்துதானே என்று தண்ணீரில் டைபைரோன் சொட்டு விட்டுக் குடித்தாள். எல்லா வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் உப்புக்குப் பக்கத்தில் நிற்கிற பாட்டில் அது. மறுபடியும் அதே கதை.

குவாரபுவாவாவில் ஒரு மருத்துவர் அவளுக்குப் புரியும்படி சொன்னார். "ஆஸ்பிரின், டைபைரோன், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் உங்க உடம்புக்கு வேற வேற சட்டை போட்டுக்கிட்டு வர்ற ஒரே ஆள். எல்லாருக்கும் இப்படி இல்ல. சிலருக்கு ஒண்ணு மட்டும் ஆகாது, மத்தது ஆகும். நீங்க எல்லாத்துக்கும் கதவைச் சாத்திடுங்க." ஆஸ்பத்திரியிலேயே உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, பாரசிட்டமால் மட்டும் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

வேறொருத்தியாக இருந்தால் இதை ஒரு குறைபோல மறைத்திருப்பாள். ஸெனோவியா ஊருக்கே சொன்னாள். கல்யாண வீட்டில் புதிதாக யாராவது அறிமுகமானால், பெயருக்கு அடுத்து அவள் சொல்வது இதைத்தான். "நான் ஸெனோவியா. நான் மயங்கி விழுந்தா தண்ணி குடுங்க, சாராயம் குடுங்க, வலி மருந்து மட்டும் குடுத்துடாதீங்க." ஜனங்கள் சிரிப்பார்கள். ஆனால் மறக்கமாட்டார்கள். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

அவளைவிட உரக்க இதைச் சொன்ன ஒரே ஆள் தெக்லா. மெத்தோடியோவின் அக்கா. தெக்லாவின் மகளுக்கு ஞானத்தாய் ஸெனோவியாதான், அதனால் நாத்தனார் முறையை ஒதுக்கிவிட்டு இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். ஸெனோவியா வாசலில் தெரிந்தால் போதும், தெக்லா மேசையிலிருக்கும் சொட்டு மருந்துப் பாட்டிலை அள்ளி இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டுவாள், அதன் வாசம் பட்டாலே ஏதோ ஆகிவிடும் என்பதுபோல. ஒரு சாவு வீட்டில் பக்கத்து வீட்டுக்காரி, தலைவலி என்று சொன்ன ஸெனோவியாவுக்குக் கரண்டியில் சொட்டு விட்டுக் கொண்டுவந்தாள். தெக்லா அந்தக் கரண்டியைத் தட்டிவிட்ட சத்தத்தில் பாதிரியார் ஜெபத்தை நிறுத்தினார்.

இப்படிப் பதினைந்து வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் போனது. அப்புறம் போன டிசம்பரில், தேன் அறுவடை நாளில், மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில், தேன் எடுக்கும் கொட்டகையிலேயே அவளுக்கு உள்ளங்கை அரித்தது. எந்த மாத்திரையும் தொடவில்லை. ஜனவரியில் இரண்டாவது அறுவடையின்போது மறுபடியும், முன்னைவிட மோசமாக. வண்டியில் வாக்குக் கொடுத்தது அன்றுதான். ஜூன், ஜூலைக் குளிர்காலம் முழுக்க ஒன்றுமில்லை. இந்த டிசம்பர், முதல் அறுவடை நாள், மூன்றாவது தடவை.

சுகாதார நிலையத்து இளம் மருத்துவர் பொறுமையாகக் கேட்டார், பொறுமையாகச் சொன்னார். "இருபது வருஷம் கொட்டு வாங்கினவங்களுக்கும் திடீர்னு தேனீ விஷம் ஒத்துக்காம போகலாம். பரிசோதனை பண்ணாம உறுதியா சொல்ல முடியாது. நிபுணரைப் பாக்க மார்ச்சுலதான் தேதி கிடைக்கும். அதுவரைக்கும் பெட்டி பக்கம் போகாதீங்க."

அவர் சொன்னதில் தவறு இல்லை. பெட்டி திறக்கிற காலத்தில் வருகிறது, திறக்காத காலத்தில் வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் அன்று காலை கொட்டு வாங்கியிருக்கிறாள். பள்ளிக்கூடப் பிள்ளைகூட இரண்டையும் கூட்டிப் பார்த்துவிடும். சுற்றியிருந்த யாருமே முட்டாள்தனமாக யோசிக்கவில்லை என்பதுதான் ஸெனோவியாவுக்கு இருந்த சிக்கல். முட்டாள்களாக இருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பாள்.

"இராத்தி ஊருக்குப் போன் போட்டேன். பெட்டி வாங்க அல்சீர் வர்றான். சனிக்கிழமை சாயங்காலம் லாரி" என்றான் மெத்தோடியோ. பீன்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்குத் தேனீ இல்ல, மெத்தோடியோ."

"வாக்குக் குடுத்தே."

"குடுத்தேன். எனக்கு என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரியாதா? என் உடம்பு."

"உன் உடம்பை மூணு தரம் வண்டியில தூக்கிப் போட்டது நான். உனக்கு அப்ப உன் மூஞ்சி தெரியாது. எனக்குத் தெரியும்."

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமை காலை அவள் சரிவுக்குப் போனாள். ஒரு பெட்டியின் வாசலில் குனிந்து, மூன்று தேனீக்களைத் தீப்பெட்டிக்குள் தள்ளி மூடினாள். சுகாதார நிலையத்துக்கு நடந்து போய், நேராக ஊசி போடும் அறையின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். நர்ஸ் ரொசில்தா எட்டிப் பார்த்தாள். வடக்கே பாயியா மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். இந்த ஊரில் சிரிக்காமல் கிண்டல் செய்யத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"தோனா ஸெனோவியா, மறுபடியும் வீங்கிடுச்சா?"

"இல்ல. இனிமேதான்."

"கையில என்ன தீப்பெட்டி?"

"மூணு பேர் இருக்காங்க. என்கிட்ட வேலை பாக்கறவங்க."

ரொசில்தா தீப்பெட்டியைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, சுட்டதுபோலக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குப் பைத்தியமா? இது ஆஸ்பத்திரி, சர்க்கஸ் இல்ல."

"அதனாலதான் இங்க வந்தேன். ஊசி மருந்து இங்கதானே இருக்கு? வீட்ல வெச்சுக் கொட்டவிட்டா மெத்தோடியோ என்னைக் கொன்னுடுவான். குடு இங்க."

"குடுக்க மாட்டேன். இப்படியெல்லாம் யாரும் சோதிக்கக் கூடாது. நிபுணர் பக்கத்துல இருந்து, அளந்து, கொஞ்சம் கொஞ்சமா..."

"மார்ச்சுல. அதுக்குள்ள பெட்டி இராத்தி போயிடும்."

பேசிக்கொண்டே கையை நீட்டி வாங்கிவிட்டாள். ரொசில்தா பிடுங்குவதற்குள் தீப்பெட்டியைத் திறந்து முழங்கையின் உள்பக்கம் கவிழ்த்தாள். முதல் தேனீ பறந்துபோனது. இரண்டாவது கொட்டியது. மூன்றாவதும் கொட்டியது. "போச்சு" என்றாள் ரொசில்தா. மறுகையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினாள், ஊசியை மருந்து ஏற்றி மடியில் வைத்துக்கொண்டாள், பக்கத்தில் உட்கார்ந்து திட்டத் தொடங்கினாள். அவள் ஊர்க்காரர்கள் திட்டினால் கேட்க இனிமையாக இருக்கும், பாட்டு மாதிரி ஏறி இறங்கும். பெஞ்சில் காத்திருந்தவர்கள் மாத்தே குடுவையைக் கைமாற்றிக்கொண்டே ஸெனோவியாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உதடு கொஞ்சம் பெருசாயிடுச்சோ?" என்றார் முழங்கால் வலிக்காக வந்திருந்த ஒரு பெரியவர்.

"அது எங்கம்மா குடுத்த உதடு" என்றாள் ஸெனோவியா.

உள்ளங்கை அரிக்கவில்லை. காது சுடவில்லை. மருத்துவர் வந்து பார்த்து, தன் தலையில் கைவைத்து, அவரும் கொஞ்சம் திட்டிவிட்டுப் போனார். மதியம்வரை அவளை எழுந்திருக்கவிடவில்லை. கொட்டிய இரண்டு இடமும் காசளவு சிவந்து அப்படியே நின்றன.

"இதுல எதுவும் நிரூபணம் ஆகல. அதை முதல்ல மண்டையில ஏத்திக்கங்க" என்றாள் ரொசில்தா, பட்டையை அவிழ்த்துக்கொண்டே. "ஆனா தேனீ இல்லைன்னா வேற என்னன்னு நாம தேடணும். வலி மாத்திரை ஏதாவது?"

"பதினஞ்சு வருஷமா கிட்ட சேத்ததில்ல."

"தைலம்? ஜலதோஷத்துக்குப் பொடி?"

"இல்ல."

"அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"எல்லாரும் சாப்பிட்டதுதான்."

"எல்லாருக்கும் வலி மாத்திரை ஒத்துக்குது, உங்களுக்கு ஒத்துக்கல. அப்புறம் எல்லாரும் சாப்பிட்டதுதான்னு சொன்னா அது ஒரு பதிலா?"

இந்தக் கேள்வி ஸெனோவியாவோடு வீடு வரைக்கும் நடந்து வந்தது. அறுவடை நாள் சாப்பாட்டை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தாள். கறுப்பு பீன்ஸ். சோறு. தயிர்க்கட்டி வைத்த கொழுக்கட்டை. பொரித்த சாசேஜ். தெக்லாவின் வெள்ளரி ஊறுகாய். எல்லாமே குளிர்காலத்திலும் சாப்பிட்டவை. ஊறுகாயை வாரத்துக்கு ஒரு ஜாடி காலி செய்திருக்கிறாள், ஒரு தும்மல்கூட வந்ததில்லை. தேடல் அங்கேயே நின்றுபோனது.

"இன்னைக்கு ஒண்ணும் ஆகல, சரி" என்றான் மெத்தோடியோ. அவள் செய்த காரியத்தை ஊர்க்காரர்கள் அவனிடம் முன்பே சொல்லியிருந்தார்கள், முகம் வெளுத்திருந்தது. "போன வாரம் ஆச்சே. அது எதனால? சொல்லு. எதனாலன்னு நீ சொல்லிட்டா நான் அல்சீரைத் திருப்பி அனுப்பறேன்."

நியாயமான பேச்சு.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அவள் தெக்லா வீட்டுக்குப் போனாள். மெத்தோடியோ உலகத்திலேயே ஒருத்தருக்குத்தான் பயப்படுவான், அது அவன் அக்கா. "நீ ஒரு வார்த்தை சொல்லு, மார்ச் வரைக்கும் பொறுக்கச் சொல்லு" என்று கேட்கத்தான் போனாள்.

தெக்லாவின் சமையலறை மேசை முழுக்கக் கண்ணாடி ஜாடிகள். புனித நிக்கோலாஸ் திருவிழாச் சாப்பாட்டுக்கு ஊறுகாய் ஒவ்வொரு வருஷமும் அவள் பொறுப்பு. ஊரில் பலரும் ஊறுகாய் போடுவார்கள், கடித்தால் சத்தம் கேட்கிற ஊறுகாய் தெக்லாவுடையதுதான் என்று பெயர். வழக்கம்போல இழுப்பறையைப் பூட்டிவிட்டு வந்து, "உக்காரு கொமாத்ரே, நான் கையை நிறுத்த முடியாது, பேசு" என்றாள்.

ஸெனோவியா பேசினாள். தெக்லா ஜாடிகளை நிரப்பிக்கொண்டே கேட்டாள்.

"அவன் சொல்றதுலயும் தப்பில்லையே. உன்னை மண்ணுக்குள்ள போட்டுட்டு அவன் அந்தப் பெட்டிங்களை வெச்சு என்ன பண்ணுவான்? ஈயா வந்து சோறாக்கிப் போடும்?"

"நீயும் அவன் பக்கமா?"

"நான் உயிர் பக்கம். வித்துடு. கோழி வளர்த்துக்கோ. கோழி யாரையும் கொட்டாது."

"கோழி எனக்குப் பிடிக்காது. மூஞ்சியே சரியில்ல."

தெக்லா சிரித்தாள். அவளுடைய கை மட்டும் தனியாக வேலை செய்துகொண்டிருந்தது. ஜாடிக்குள் இரண்டு பல் பூண்டு, ஒரு பிரிஞ்சி இலை, சதகுப்பைத் தழை ஒரு கொத்து, நெருக்கி நெருக்கி வெள்ளரிப் பிஞ்சு. பிறகு அடுப்புக்கு மேலே இருந்த பலகையில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு தகட்டை எடுத்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள். வெள்ளையாக ஒன்று ஜாடிக்குள் விழுந்தது. இன்னொன்று. அடுத்த ஜாடிக்குப் போனாள்.

"அது என்ன?" என்றாள் ஸெனோவியா.

"எது?"

"இப்ப போட்டியே. வெள்ளையா."

"இதுவா? ஆஸ்பிரின். ஊறுகாய்க்கு." பூண்டு என்று சொல்வதுபோலச் சொன்னாள். அடுத்த ஜாடிக்கும் இரண்டு போட்டாள்.

ஸெனோவியா எழுந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தெக்லாவுக்கு அப்போதும் விளங்கவில்லை. பிடித்த கையைப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள், ஸெனோவியாவைப் பார்த்தாள்.

"இது மாத்திரை இல்லயே, கொமாத்ரே" என்றாள் மெதுவாக. "மாத்திரை இழுப்பறையில இருக்கு. பூட்டியாச்சு. இது ஊறுகாய்க்குப் போடறது. எங்க மாமியார் காலத்துலேர்ந்து போடறோம். மொறுமொறுன்னு இருக்கும், தண்ணி கலங்காது."

"ரெண்டையும் ஒரே கடையிலதானே வாங்கறே?"

தெக்லா தகட்டைப் புரட்டி அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு திடீரென்று தெம்பு வந்தவள்போல நிமிர்ந்தாள். "இரு. குளிர்காலம் பூரா என் ஊறுகாயைத்தானே தின்னே? அப்ப எங்க போச்சு உன் வீக்கம்?"

"அதுலயும் ஆஸ்பிரின் போட்டியா?"

"அது கொதிக்கவெச்சு மூடற ஜாடி. அதுக்கு எதுக்கு? ஒரு வருஷம் தானா இருக்கும். இது அவசர ஜாடி. அறுவடைக்கு, திருவிழாவுக்கு. அடுப்புல வைக்காம ரெண்டு நாள்ல எடுக்கறது. வெயில்ல கெட்டுடுமேன்னு..." வாக்கியத்தை முடிக்காமல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"அறுவடைக்கு எத்தனை போட்டே?"

"முன்னெல்லாம் அறுவடைக்குக் கொதிக்கவெச்ச ஜாடிதான், போன வருஷத்துலேர்ந்துதான் இது. ஆளுங்க ஜாஸ்தி, வெயிலும் ஜாஸ்தி. ஜாடிக்கு நாலு."

திருவிழாவில் அவளுக்கும் தட்டில் ஒரு துண்டுதான் கிடைக்கும். அறுவடையில் மற்றவர்கள் ஊறுகாயை இரண்டு துண்டு, மூன்று துண்டு என்று தின்றிருப்பார்கள். ஸெனோவியா அப்படி நிறுத்தமாட்டாள். கொட்டகைச் சூட்டில் வேர்த்துக் கொட்டி வந்தால், ஜாடியிலிருக்கிற புளித்த உப்புத் தண்ணீரை அப்படியே வாயில் கவிழ்த்துக் குடிப்பாள். அதைவிடத் தாகம் தீர்க்கிறது எதுவும் இல்லை என்று தெக்லாவிடமே புகழ்ந்திருக்கிறாள். தெக்லாவும் அதற்காகவே ஒவ்வொரு அறுவடைக்கும் அவளுக்கென்று ஒரு ஜாடி தனியாக ஒதுக்கி வைப்பாள்.

தெக்லா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியைத் தூக்கி முகத்தில் போட்டுக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. "நானேதான் ஊட்டியிருக்கேன். மூணு தரம். சாவு வீட்ல கரண்டியைத் தட்டிவிட்டவ நானு."

ஸெனோவியாவுக்குக் கோபம் வரவேண்டும்தான். வந்தது என்னவோ நெஞ்சு நிறைய ஒரு நிம்மதி. தன் உடம்பைப் பற்றித் தான் சொன்னது பொய்யில்லை. தன் ஈக்களைப் பற்றிச் சொன்னதும் பொய்யில்லை.

"அழுகையை அப்புறம் வெச்சுக்கோ. லாரி வர்ற நேரம். எந்திரி, வந்து அவன்கிட்ட சொல்லு."

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா நம்புவானா? பெட்டியைக் காப்பாத்த நான் என்ன வேணாலும் சொல்வேன்னு அவனுக்குத் தெரியும். சொல்லவும் செய்வேன்."

தெக்லா எழவில்லை. துணியை இறக்கி ஜாடிகளைப் பார்த்தாள். "ஊர் பூரா பேசும். தம்பி பொண்டாட்டிக்குத் தெக்லா விஷம் வெச்சான்னு. என் ஊறுகாயை எவ தொடுவா?"

"பேசட்டும். பேசினாத்தான் நல்லது. திருவிழாவுக்கு எத்தனை பேர் வர்றாங்க? என்னை மாதிரி இன்னொரு உடம்பு அதுல இல்லைன்னு உன்னால சொல்ல முடியுமா? நான் வாயைத் திறந்து எல்லார்கிட்டயும் சொல்லிவெச்சேன். எனக்கே இந்தக் கதி. வெக்கப்பட்டுச் சொல்லாம இருக்கறவ என்ன ஆவா?"

தெக்லா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, நிரப்பி வைத்த ஜாடிகளை ஒவ்வொன்றாகப் பன்றித் தொட்டிப் பக்கம் கொண்டுபோனவள், அங்கேயே நின்று யோசித்தாள். "பன்னிக்கு ஆகுமா இது?" என்று கேட்டாள்.

"பன்னியைக் கேட்டுச் சொல்றேன். இப்ப வா."

அவர்கள் வந்து சேர்ந்தபோது லாரி முற்றத்தில் நின்றது. அல்சீர் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, தேனீக்கள் கூடு அடையக் காத்திருந்தான். மெத்தோடியோ லாரியின் சக்கரத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சக்கரத்தில் பார்க்க ஒன்றுமில்லை.

தெக்லா நேராகத் தம்பியின் முன்னால் போய் நின்றாள். கையில் இன்னும் சதகுப்பை ஒட்டியிருந்தது. சொல்ல ஆரம்பித்தாள், நடுவில் நிறுத்தினாள், முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். அவசர ஜாடி, கொதிக்கவைக்கிற ஜாடி, நாலு மாத்திரை, தண்ணீரைக் குடிக்கிற பழக்கம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அல்சீர்தான் முதலில் பேசினான்.

"என் பொண்டாட்டியும் போடறாளே" என்றான். "ஆஸ்பிரின் இல்லாம எப்படி மொறுமொறுன்னு வரும்?"

யாரும் சிரிக்கவில்லை. அல்சீரே தான் சொன்னதை ஒருமுறை யோசித்துப் பார்த்தான். "என் மச்சினிக்குத் திருவிழான்னா உடம்பெல்லாம் தடிக்கும். நாங்க சாராயம்னு நினைச்சோம்" என்றான்.

மெத்தோடியோ தன் அக்காவைப் பார்த்தான். "ஜனவரியில அவ வாய் நீலமாயிடுச்சு, தெக்லா. நான் பாத்தேன்."

"தெரியும்டா."

"தெரியாது. நீ பாக்கல." அவ்வளவுதான் சொன்னான். தெக்லாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அவள் லாரிப் படியில் உட்கார்ந்துகொண்டாள். அவன் கொஞ்ச நேரம் கழித்து அவள் தோளில் கையை வைத்தான், வைத்தபடியே அல்சீர் பக்கம் திரும்பினான்.

"பெட்டி விக்கல, அல்சீர். உன்னை வீணா அலைய விட்டுட்டேன். ராத்திரிச் சாப்பாடு இங்கதான்."

"ஊறுகாய் இருக்குமா?" என்றான் அல்சீர்.

இப்போது சிரித்தார்கள். தெக்லாவும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

சாப்பாட்டின்போது மெத்தோடியோ நிபந்தனைகளை வைத்தான். நிபுணர் பார்த்துச் சொல்கிற வரைக்கும் தனியாகப் பெட்டியைத் திறக்கக் கூடாது. ரொசில்தாவிடம் கேட்டு ஊசி மருந்துக்கு ஏற்பாடு செய்யவேண்டும். யார் வீட்டில் சாப்பிட்டாலும் அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்கவேண்டும். எல்லாவற்றுக்கும் ஸெனோவியா தலையாட்டினாள்.

"கையுறையும் போடணும்."

"அது முடியாது."

"போடணும்."

"சரி. ஒரு கையில."

மார்ச்சில் அந்த நிபுணர் தேனீ விஷத்துக்குப் பரிசோதித்து, அதில் ஒன்றும் இல்லை என்றார். ஊறுகாய்க் கதையை இரண்டு தடவை கேட்டார். மருந்துக் கடைப் பொருள் சமையலறைக்குள் போனால் யாரும் அதை மருந்து என்று நினைப்பதில்லை என்றும், இனி தன்னிடம் வருகிற எல்லோரிடமும் ஊறுகாய் பற்றிக் கேட்கப்போவதாகவும் சொன்னார். ஆனால் ஸெனோவியா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. லாரி வெறுமையாகத் திரும்பிப்போனதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை, பாதியில் நின்றுபோன அறுவடையை முடிக்கச் சரிவுக்குப் போனாள். தனியாகப் போகக் கூடாது என்பதற்காகத் தெக்லாவை முகவலை மாட்டி இழுத்துக்கொண்டு போனாள். தெக்லா இருபதடி தள்ளி நின்று, எல்லாப் புனிதர்களையும் உக்ரைனிய மொழியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பெட்டியில் கையுறை இல்லாத கையைத் தேனீ கொட்டியது. ஸெனோவியா முள்ளைச் சுரண்டினாள். அடுத்த சட்டத்தைத் தூக்கப் போனவள் தூக்கவில்லை. சமையலறை ஜன்னலில் மெத்தோடியோ காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தான். அவள் பெட்டியை மூடிவிட்டுச் சரிவில் இறங்கி, ஜன்னலுக்கு நேராக வெயிலில் வந்து நின்றாள். முகவலையைத் தூக்கித் தலைக்குமேல் போட்டுக்கொண்டாள், அவன் நன்றாகப் பார்க்கட்டும் என்று. அவன் அவள் உதட்டைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான். அவளும் அவசரப்படாமல் நின்றாள். பீன்ஸ் கொடியில் இரண்டு காய் பறித்துத் தின்றாள். தெக்லா மேலேயிருந்து, "செத்துட்டியா கொமாத்ரே?" என்று கத்தினாள்.

கடைசியில் மெத்தோடியோ ஜன்னலைவிட்டு நகர்ந்து, ஆறிப்போன காப்பியைத் திரும்பவும் அடுப்பில் வைத்தான். ஸெனோவியா வலையை இறக்கிக்கொண்டு மேலே ஏறினாள்.